முளை இறங்கும் மண்: அம்பத்தூர் முதல் செம்பரம்பாக்கம் வரை

சாமியானாவின் கம்பங்கள் துணியின் எடையைத் தாங்குகின்றன. காற்று அடிக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. துணி மேலே எழும்பப் பார்க்கிறது, கம்பத்துக்கு வேலை குறைகிறது, இழுப்பு முழுவதும் கயிறு வழியாக முளைக்கும், முளை வழியாக மண்ணுக்கும் இறங்குகிறது. முளையின் நீளம், தடிமன், வடிவம் மூன்றையும் அந்த மண்ணே முடிவு செய்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பருத்திப்பட்டு, காடுவெட்டி வழியாகப் பூந்தமல்லிக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போகும் பாதை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடக்கூடியதுதான். அதற்குள் தார்ச்சாலை, இடிபாடு கொட்டி மேடாக்கிய மனை, ஏரிக் களிமண், செஞ்சரளை, ஆற்று மணல் என்று முளை அடிப்பவரைச் சோதிக்கும் நிலங்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன.

இழுப்பு எவ்வளவு என்று முதலில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கட்டடங்கள் தாங்கவேண்டிய காற்றழுத்தத்துக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி. காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் மறுபடி பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் மீது விழும் அழுத்தம் நியூட்டன் அளவில் கிடைக்கும் என்கிறது அது. மணிக்கு 54 கி.மீ. காற்று என்றால் நொடிக்கு 15 மீட்டர். அழுத்தம் 135 நியூட்டன். 15 அடிக்கு 15 அடி சாமியானாவின் பரப்பு ஏறக்குறைய 21 சதுர மீட்டர். அந்தத் துணி முழுவதையும் இந்தக் காற்று தூக்கினால் தூக்கும் விசை சுமார் 280 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகி 1,100 கிலோவைத் தாண்டும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலின் காற்று ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் வீசியது. புயலுக்கு எதிராக முளை தேர்ந்தெடுப்பது வீண் வேலை. துணியைக் கழற்றி மடித்து வைப்பதே வழி. மற்ற நாட்களுக்கு, எட்டுக் கயிறு கட்டிய பந்தலில் கயிறு ஒன்றுக்கு 35 கிலோ தூக்கு விசை வருகிறது. கயிறு 45 பாகை சாய்ந்திருப்பதால் அதன் இழுவிசை 50 கிலோ. காற்று எல்லாப் பக்கமும் சமமாக அடிப்பதில்லை; வரும் திசையிலுள்ள இரண்டு மூன்று கயிறுகளே பெரும்பங்கைச் சுமக்கின்றன. ஆகவே முளை ஒன்று 100 கிலோவுக்குக் குறையாமல் தாங்கவேண்டும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இந்தப் பகுதியில் பந்தல் மிகுதியாக எழும் காலமும் காற்று மிகுந்த காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. ஆடி மாதம் முழுவதும் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிறார்கள். திருவேற்காடு கருமாரியம்மன், மாங்காடு காமாட்சியம்மன் போன்ற பெரிய கோயில்களின் வட்டாரம் இது. தெருவுக்குத் தெரு சிறிய அம்மன்களும் உண்டு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி பகல் காற்றைச் சொல்வது. சென்னையில் அதைவிட மோசமானது அந்த மாதத்து மாலை இடிமழைக்கு முன்னால் திடீரென்று மேற்கிலிருந்து வரும் சூறைதான். பத்து நிமிடம்தான் அடிக்கும். மண்ணுக்குப் பொருந்தாத முளையில் நிற்கும் பந்தலைச் சாய்க்க அது போதும்.

அம்பத்தூரில் முதல் சிக்கல் மண்ணே இல்லாதது. ஓ.டி. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைத்தெருவிலும் குறுக்குத் தெருக்களிலும் தார், சிமென்ட் சாலை, பேவர் பிளாக் என்று தரை மூடிக்கிடக்கிறது. முன்பெல்லாம் கடப்பாரையால் தாரைக் குத்திக் குழி பறித்துச் சவுக்குக் கட்டை நடுவார்கள். அந்தக் குழியில் மழைநீர் தேங்கி, வண்டிச் சக்கரம் ஏறி, அடுத்த மாதம் அது சாலைப் பள்ளமாகும். தோண்டுவதற்கு அனுமதி வேண்டும்; அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்ததால் அங்கே ஓர் அலுவலகம், 2019-இல் தனி மாநகராட்சியான ஆவடியில் வேறு அலுவலகம். அனுமதியைவிட முக்கியமானது தரைக்குக் கீழே இருப்பது. மின்கேபிள், குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, இப்போது சமையல் எரிவாயுக் குழாய் என்று எல்லாம் சாலை ஓரத்தில்தான் ஓடுகின்றன. இரண்டடி இரும்பு முளையை எங்கே அடிக்கிறோம் என்று தெரியாமல் அடிக்கக் கூடாத இடம் இது. தார் கெட்டியாகத் தெரிந்தாலும் சித்திரை வெயிலில் இளகும். மோர்ப்பந்தலுக்காகக் காலையில் தாரில் அடித்த ஆணி பிற்பகலில் கையோடு வந்துவிடும்.

முளைக்கு இடமில்லாத தரையில் எடைதான் முளை. மணல் மூட்டை, தண்ணீர் நிரப்பிய நீல டிரம், பெயின்ட் டப்பாவில் கான்கிரீட் ஊற்றி நடுவில் குழாய் நட்ட கட்டை ஆகிய மூன்றும் இந்த ஊர்களில் புழங்குபவை. இதில் ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. 35 கிலோ தூக்கும் கயிற்றுக்கு 35 கிலோ மூட்டை போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். சாய்ந்த கயிறு மூட்டையைத் தூக்குவதோடு பக்கவாட்டிலும் அதே அளவுக்கு இழுக்கிறது. தரையோடு மூட்டைக்குள்ள உராய்வு அதன் எடையில் பாதி என்று கொண்டால், நகராமல் நிற்க சுமார் 105 கிலோ தேவை. காலி சிமென்ட் சாக்கில் மணலை நிரப்பினால் ஒரு மூட்டை ஏறக்குறைய 50 கிலோ வரும். கயிற்றுக்கு இரண்டு மூட்டை என்பது அந்தச் சாதாரணக் காற்றுக்கான குறைந்தபட்சம். சூறையை எதிர்பார்த்தால் நான்கு. 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர் 200 கிலோ, ஆனால் உயரமானது. கயிற்றை அதன் கழுத்தில் கட்டினால் சாய்ந்துவிடும், அடியில் கட்டவேண்டும்.

முளைக்கான இரும்பு அம்பத்தூரில் தேடித்தான் கிடைக்கவேண்டும் என்பதில்லை. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதும் 1964-இல் தொழிற்பேட்டை வந்ததும் இந்த ஊரை லேத் பட்டறைகளின் ஊராக்கின. துண்டுக் கம்பி எந்தப் பட்டறையிலும் மிஞ்சும். எதை எடுப்பது என்பதில்தான் வேறுபாடு. சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பி 250 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் வளையத் தொடங்கும். வீடு கட்டும் இடத்தில் வெட்டி எறியும் எஃப்.இ. 500 முறுக்குக் கம்பி 500 வரை நிற்கும். ஆகவே ஒரே தடிமனில் முறுக்குக் கம்பித் துண்டு இரு மடங்கு வலுவானது, விலையும் கிட்டத்தட்ட இல்லை. சரளையில் அடிக்க இதைவிட ஏற்றது ஈ.என். 8 எனப்படும் நடுத்தரக் கரிம எஃகு. லேத்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. முறுக்குக் கம்பியிலுள்ள வரிகள் மண்ணைப் பிடிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஈரமான மண்ணில் ஓரளவு உண்மை. காய்ந்த கெட்டி மண்ணில் வரிகள் துளையை அகலமாக்கிவிடுவதால் கம்பியின் உடல் மண்ணைத் தொடுவதேயில்லை. அங்கே வழவழப்பான உருட்டுக் கம்பியே மேல்.

தொழிற்பேட்டையைத் தாண்டிக் குடியிருப்பு மனைகளுக்குள் நுழைந்தால் கீழே இருப்பது பெரும்பாலும் இயற்கை மண்ணாக இருப்பதில்லை. தாழ்வான இடத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி, மேலே சவுடு மண் பரப்பி, மனை என்று விற்றிருப்பார்கள். முளை முதல் அரை அடி வெண்ணெய் போல இறங்கும், பிறகு செங்கல் துண்டில் மோதி வளையும், அல்லது இடிபாட்டின் இடைவெளிக்குள் புகுந்து எதையும் பற்றாமல் நிற்கும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக அடித்தது போலவே தெரியும். முதலில் மெல்லிய கம்பியொன்றை இறக்கிப் பார்ப்பதே இதற்கு மருந்து. எதிர்ப்பு சீராகக் கூடிக்கொண்டே வந்தால் நல்ல இடம். திடீரென்று லேசானால் ஒரு முழம் தள்ளி வேறு இடம் பார்க்கவேண்டும்.

திருமுல்லைவாயில் வரையிலும் அதற்கப்பாலும் சாலையின் இருபுறமும் ஏரிகளின் ஊர்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடிக்கு அருகே பருத்திப்பட்டு ஏரி என்று பெயர் நிலைத்தவை சில. குடியிருப்பாக மாறிப் பெயர் மட்டும் மிஞ்சியவை பல. ஏரி நிலத்தை அடையாளம் காண மண்ணைத் தோண்டவேண்டிய தேவையே இல்லை, அங்கு முளைத்திருக்கும் செடியே சொல்லிவிடும். கோரை நிற்குமிடத்தில் அடியில் ஈரம் எப்போதும் இருக்கும். ஊதாப் பூப்பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு அடர்ந்திருந்தால் ஆண்டில் பாதி நாள் தண்ணீர் நின்ற இடம். சீமைக் கருவேலம் மண்டிக்கிடந்தால் மேல்மண் காய்ந்து இறுகியிருக்கும். அருகம்புல் பரவிய மேடு மட்டும்தான் நம்பத்தக்கது. அதன் வேர்ப்பின்னல் மேல் மண்ணைச் சேர்த்துப் பிடித்து முளைக்கும் ஒத்தாசை செய்கிறது.

ஏரிக் களிமண்ணுக்குப் பருவத்துக்கு ஒரு குணம். மணல் தன் துகள்களுக்கிடையிலான உராய்வால் பிடிக்கிறது. களிமண்ணுக்கு ஒட்டும் தன்மையே வலு. பங்குனி, சித்திரையில் அது காய்ந்து வெடிக்கிறது. வெடிப்பின் ஓரத்தில் அடித்த முளை ஒரு பக்கத்தில் மண்ணே இல்லாமல் நிற்கும். வெடிப்பு முளைக்கும் பந்தலுக்கும் நடுவில் வந்தால் கட்டியோடு பெயர்ந்து வரும். முந்தின மாலை முளை இறங்கும் இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மறுநாள் கடப்பாரையால் வழித்துளை போட்டு, அதைவிடச் சற்றுப் பருமனான முளையை இறக்கினால் பிடிப்பு கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நிலைமை எதிரானது. முளை சுலபமாக இறங்குகிறது, அதே சுலபத்தோடு வெளியே வருகிறது. அப்போது மெல்லிய கம்பி எத்தனை நீளமானாலும் களிமண்ணை அறுத்துக்கொண்டு நகரும்; வேண்டியது அகலம். இரண்டங்குலத்துக்குக் குறையாத பட்டையான மரமுளை, ஆங்கில வி எழுத்தைப் போல மடித்த தகட்டு முளை, அல்லது ஒரு முளைக்குப் பதில் சிறு இடைவெளியில் இரண்டு முளை. இவற்றில் மரமுளைக்கு ஒரு நன்மை கூடுதலாக உண்டு: ஈரத்தில் உப்பித் துளையை இறுக்கிக்கொள்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழை அம்பத்தூர் தொழிற்பேட்டையை முழங்கால் தண்ணீரில் நிறுத்திய பின், வடிந்த இடங்களில் நிவாரணப் பந்தல் போட்டவர்களுக்கும் இத்தகைய சேறே வாய்த்தது.

கயிறும் மழையும் சேர்ந்து முளைக்குச் செய்வதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கப் பார்க்கும். சாரணர் முகாமில் இரவில் கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிடச் சொல்வது அதனால்தான். நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும், அதை இறுக்கவேண்டும். ஒன்றுக்கான பழக்கத்தை மற்றதற்குச் செய்தால் இரண்டும் கெடும்.

ஆவடியில் மண்ணின் நிறம் மாறுகிறது. செங்குன்றம் பக்கத்திலும் இங்கும் செம்புறாங்கல் சரளை மேலே தெரிகிறது. அதற்கு அடியில், சென்னைக்கு மேற்கே பரந்து கிடக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளின் களிக்கல். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் படிந்தது, வெயிலிலும் மழையிலும் நைந்தால் பிசுபிசுப்பான களியாகிறது. சரளை காய்ந்திருக்கும்போது முளைக்கு இதைவிட நல்ல பிடி இந்தப் பாதையில் வேறெங்கும் இல்லை. இறக்குவதுதான் கடினம். பிளாஸ்டிக் முளையும் அலுமினிய முளையும் இங்கே உடையும், தலை நசுங்கும். 12 மில்லிமீட்டருக்குக் குறையாத எஃகுக் கம்பி, கூரான முனை, சம்மட்டி ஆகிய மூன்றும் வேண்டும். திருகி இறக்கும் முளை புல்தரைக்கும் மணலுக்கும் ஆனது. சரளையில் அதன் புரி பாதி தூரம்கூடப் போகாது. நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் ஆறுதல்: ஏரிக் களிமண்ணில் இரண்டரை அடி கேட்கும் கயிற்றுக்குச் சரளையில் ஒன்றரை அடி போதும்.

கூடாரங்களுக்கு இந்த ஊர் பழக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இராணுவக் கிடங்காக விரிந்தது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கே பந்தலிட்டுக் கூடி, சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1965-இல் வந்தது. படையினரின் சீருடை தைக்கும் தொழிற்சாலை, மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படை அணிகள் என்று இன்றும் அணிவகுப்பு மைதானங்கள் நிறைந்த ஊர். இந்திய இராணுவத்தில் கூடாரத்தின் பெயரே எடையால் அமைவதுண்டு, நாற்பது பவுண்டு, நூற்றெண்பது பவுண்டு என்று. எடை கூடக்கூட இரும்பு முளையோடு பெரிய மரமுளையும் சேரும். மென்மையான நிலத்துக்கு மரம், கெட்டி நிலத்துக்கு இரும்பு என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொண்டுபோவது படையின் பழக்கம். சாமியானாக்காரர்கள் கடைப்பிடிக்காத நல்ல பழக்கம் அது. குதிரையில் பாய்ந்து வந்து ஈட்டியால் தரையிலுள்ள முளையைக் குத்திப் பறிக்கும் விளையாட்டும் படைகளிடமிருந்து வந்ததே. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்கு இடமிருந்தது. பறிக்கவேண்டிய முளையைக் கல்தரையில் யாரும் நடுவதில்லை.

மாநாட்டுப் பந்தல் அளவுக்குப் பெரிய சுமைக்கு ஒற்றை முளை எங்கேயும் போதாது. படைப் பொறியாளர்களும் சாரணர்களும் கற்பிக்கும் மூன்று இரண்டு ஒன்று என்ற அமைப்பு இங்கே உதவும். கயிறு இழுக்கும் திசைக்கு நேராக முன்வரிசையில் மூன்று முளைகள், அதற்குப் பின்னால் இரண்டு, அதற்கும் பின்னால் ஒன்று. முன்வரிசையின் தலையிலிருந்து அடுத்த வரிசையின் அடிக்குக் கயிறு கட்டி முறுக்கி இறுக்கவேண்டும். முன்முளையின் தலை சாயத் தொடங்கும்போதே பின்முளையின் அடி அதைப் பிடித்துக்கொள்கிறது. தலைக்குத் தலை கட்டினால் எல்லாம் ஒன்றாகச் சாயும். அடிக்கும்போது முளையின் தலை பந்தலுக்கு எதிர்ப்புறம் சாய்ந்து, கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்கவேண்டும். சாய்வு அதிகமானால் முளையின் நுனி ஆழத்துக்குப் போகாமல் மேல்மண்ணிலேயே நின்றுவிடும் என்பதால் மென்மையான மண்ணில் சற்று நிமிர்த்தி அடிப்பதே சரி. கயிறு தரையை ஒட்டி இருக்கவேண்டும். முளையின் கழுத்து நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நாலு விரலும் நெம்புகோலாகி முளையைப் பெயர்க்கும்.

ஆவடியிலிருந்து தெற்கே பருத்திப்பட்டு ஏரியைக் கடந்தால் காடுவெட்டியில் கூவம் குறுக்கிடுகிறது. நகருக்குள் சாக்கடையாக அறியப்படும் ஆறு, இங்கே மணலும் வண்டலுமாகத் திறந்து கிடக்கிறது. மணலில் முளையின் வேலை மிகக் கடினம். காய்ந்த மணலில் மெல்லிய கம்பி நிற்கவே நிற்காது. அகலமான தகட்டு முளை ஓரளவு தாக்குப்பிடிக்கும், மணல் ஈரமாக இருந்தால் நன்றாகவே பிடிக்கும். நம்பத்தக்க வழி புதைப்பதுதான். கோணியில் மணல் நிரப்பி, அல்லது ஒரு முழச் சவுக்குத் துண்டின் நடுவில் கயிற்றைக் கட்டி, கயிற்றுக்குக் குறுக்காக இரண்டடி ஆழத்தில் படுக்கவைத்து மூடி மிதிக்கவேண்டும். கயிறு வெளியேறும் பக்கத்தில் சாய்வாகச் சிறு வாய்க்கால் வெட்டிவிடாவிட்டால் அது கட்டையை மேல்நோக்கி நெம்பிவிடும். கட்டைக்கு மேலுள்ள மணல் முழுவதையும் தூக்கினால்தான் பந்தல் பறக்கும். செலவில்லாத இந்த முறையைக் கடற்கரையில் கூடாரம் அடிப்பவர்கள் முதல் பனியில் மலையேறுபவர்கள்வரை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

சென்னீர்குப்பம், கரையான்சாவடி தாண்டிப் பூந்தமல்லி. பிரிட்டிஷ் காலத்தில் ஐரோப்பியப் படையினரின் முகாமாக இருந்த ஊர். கண்டோன்மென்ட், டிரங்க் ரோடு என்ற பெயர்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. பழைய முகாம் மேடுகள் முளைக்கு நல்ல நிலம். சாலையோரம் அப்படியில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் மெட்ரோ பாதைக்காகப் பல ஆண்டுகள் தோண்டி மூடப்பட்ட தரை அது. மூடிய மண் பல மழைக்காலம் கண்டு இறுகும்வரை அங்கே முளையைவிட எடையையே நம்பவேண்டும். புறவழிச்சாலை ஓரத்துத் திடல்களில் இப்போது திருமணங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் எழும் ஜெர்மன் பந்தல் அலுமினியச் சட்டமும் பி.வி.சி. கூரையும் கொண்டது. ஒவ்வொரு காலடியிலும் தகடு, தகட்டில் துளைகள், துளை வழியே மூன்றடி எஃகு முளைகள். சட்டம் கனமாக இருப்பதால் முளை குறைவாகப் போதும் என்று நினைப்பது தவறு. சுவர்த்திரை இறக்கியபின் அது பாய்மரம் கட்டியது போலாகிறது, தூக்குவிசையோடு பக்கவாட்டுத் தள்ளலும் சேர்கிறது. துளைகள் நான்கிருந்தால் நான்கிலும் முளை இருக்கவேண்டும்.

பூந்தமல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மண் உயர்ந்து, கெட்டியாக, பார்ப்பதற்கு முளைக்கென்றே செய்தது போலிருக்கிறது. அங்கே அடிக்கவே கூடாது. 24 அடி ஆழத்துக்கு 3,645 மில்லியன் கன அடி நீரைத் தாங்கி நிற்கும் மண்கரை அது. முளைத்துளை ஒவ்வொன்றும் மழைநீர் உள்ளே இறங்க ஒரு வழி. எலி வளையையே அடைத்துக் காக்கவேண்டிய இடத்தில் வரிசையாகத் துளையிடுவது தகாது. கரையின் அடிவாரத்துக்கும் இது பொருந்தும். சற்றுத் தள்ளிய வயல்வெளியில் அறுவடைக்குப் பின் தாராளமாக இடம் உண்டு. நெல்தாள் நிற்கும் களிவண்டலில் அகல முளைகள் நன்றாகப் பிடிக்கின்றன.

பிடுங்குவதிலும் மண்ணுக்கு மண் வேறுபாடு உண்டு. சரளையில் இறங்கிய எஃகைப் பக்கவாட்டில் தட்டித் தளர்த்தி, பிறகு தலையில் கொக்கி மாட்டி, இன்னொரு கம்பியை நெம்பாக வைத்து எடுக்கவேண்டும். களிமண்ணில் நேராக இழுத்தால் உறிஞ்சிப் பிடிக்கும். சுற்றிலும் தண்ணீர் ஊற்றி முறுக்கினால் வந்துவிடும். மரமுளையைச் சம்மட்டியால் தட்டினால் பிளந்துபோகும், அதற்குக் கொட்டாப்புளி. எடுத்த துளையில் மணலை இட்டுக் கடப்பாரையின் பின்முனையால் குத்தி நிரப்பவேண்டும். எண்ணிப் பார்த்து மூட்டையில் கட்டுவதும் அவசியம், ஏனென்றால் புல்லுக்குள் தலை மறைந்து நிற்கும் முளை மறுநாள் அந்தத் திடலில் விளையாட வரும் பிள்ளைகளின் காலைப் பதம்பார்க்கும்.